நம்பிக்கை ஒரு பக்கம், சிகிச்சை ஒரு பக்கம்: செவிலியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இருபது வருடங்களுக்கு மேல் வார்டிலும் ஐசியூவிலும் டியூட்டி பார்த்துவிட்டு, இப்போது புதிதாக வேலைக்கு வரும் செவிலியர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். மருந்தின் அளவு, ஊசி போடும் முறை பற்றிய சந்தேகங்களைப் பிள்ளைகள் வகுப்பிலேயே கேட்டுவிடுவார்கள். மதமும் சிகிச்சையும் மோதும் இடத்தைப் பற்றிய கேள்விகள் மட்டும் வகுப்பு முடிந்த பிறகு, தனியாக, தயங்கித் தயங்கி வரும். அப்படி வந்தவற்றில் திரும்பத் திரும்ப வந்தவை இங்கே இருக்கின்றன. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் மருத்துவமனையின் விதிமுறை என்ன என்பதை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நோயாளி "எங்கள் மதத்தில் இது கூடாது" என்கிறார். நான் முதலில் என்ன செய்ய வேண்டும்?

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். எது கூடாது, ஏன் கூடாது, மொத்தமும் வேண்டாமா அல்லது அதில் ஒரு பகுதி மட்டும்தான் சிக்கலா என்று கேளுங்கள்.

ஒரு வயதான அம்மாவின் கேஸ் ஷீட்டில் "மதக் காரணங்களால் அறுவை சிகிச்சைக்கு மறுப்பு" என்று எழுதியிருந்தது. மூன்று நாளாக எல்லோரும் அதைப் படித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். நானும்தான். நான்காம் நாள் அவருக்குத் தலை வாரிவிடும்போது பேச்சு வந்தது. அறுவை சிகிச்சைக்கு அவர் மறுக்கவே இல்லை. தியேட்டரில் ஆண்கள் முன்னால் முக்காட்டை எடுக்கச் சொல்வார்களோ என்பதுதான் பயம். வார்டிலேயே தியேட்டர் தொப்பியைப் போட்டு முடியை முழுவதும் மூடினோம். மயக்கம் கொடுக்கும்வரை ஒரு பெண் செவிலியர் பக்கத்தில் இருப்பார் என்று சொன்னோம். அன்று சாயங்காலமே கையெழுத்துப் போட்டார்.

எல்லா மறுப்பும் இப்படிக் கரைந்துவிடாது. ஆனால் கேட்டுப் பார்க்காமல் அதை மோதல் என்று எழுதிவைப்பது நம் தவறு. இன்ன மதத்துக்காரர் இப்படித்தான் என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு கட்டிலருகே போகாதீர்கள். ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே விதியை இரண்டு மாதிரி கடைப்பிடிப்பார்கள். சர்வதேச செவிலியர் மன்றத்தின் நெறிமுறைகள் முதலில் 1953ல் ஏற்கப்பட்டு, பலமுறை திருத்தப்பட்டு, கடைசியாக 2021ல் வந்தன. நோயாளியின் மத நம்பிக்கையை மதிக்கும் சூழலை உருவாக்குவது செவிலியரின் கடமை என்று அவை சொல்கின்றன. அந்தக் கடமை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ரத்தமே ஏற்றிக்கொள்ள மாட்டார்கள் என்கிறார்கள். அப்படியானால் நாம் செய்ய எதுவுமே இல்லையா?

நிறைய இருக்கிறது. அவர்கள் எதை மறுக்கிறார்கள் என்பதை முதலில் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். பைபிளின் ஆதியாகமம், லேவியராகமம், அப்போஸ்தலர் நடபடிகள் ஆகியவற்றில் ரத்தத்தை விலக்கச் சொல்லும் வசனங்களை அவர்கள் ரத்தம் ஏற்றுவதற்கும் பொருத்துகிறார்கள். 1945 முதல் இது அவர்கள் சபையின் நிலைப்பாடு. முழு ரத்தம், சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா ஆகிய எதையும் ஏற்க மாட்டார்கள். ஆல்புமின், இம்யூனோகுளோபுலின், ரத்தம் உறைய உதவும் காரணிகள் போன்ற சிறு கூறுகளை ஏற்பதும் விடுவதும் அவரவர் மனசாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. அறுவை சிகிச்சையின்போது சிந்தும் சொந்த ரத்தத்தையே இயந்திரத்தில் சுத்தம் செய்து திருப்பி ஏற்றுவதும் அப்படித்தான். ஆகவே ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேட்டு, ஒவ்வொரு பதிலையும் தனித்தனியாக எழுதவேண்டும். "ரத்தம் வேண்டாம் என்றார்" என்ற ஒற்றை வரி யாருக்கும் உதவாது.

திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால் சில வாரங்களுக்கு முன்பே இரும்புச்சத்தும், தேவைப்பட்டால் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டினும் கொடுத்து ஹீமோகுளோபினை ஏற்றிவிடலாம். ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம் இருக்கிறது. செவிலியர் கையில் மட்டுமே இருக்கும் ஒரு காரியமும் உண்டு. பரிசோதனைக்கு எடுக்கும் ரத்தம் ஐசியூவில் நாள் முழுவதும் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து கணிசமான அளவாகிவிடும். குழந்தைகளுக்கான சிறிய குழாய்களில் எடுங்கள். தேவையில்லாத பரிசோதனையை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எந்த டாக்டரும் இதற்காகக் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

நினைவில்லாமல் வந்த நோயாளியின் பையில் "எனக்கு ரத்தம் ஏற்றாதீர்கள்" என்ற அட்டை இருக்கிறது. அவர் உயிர் போய்க்கொண்டிருக்கிறது. அட்டையை மதிக்கத்தான் வேண்டுமா?

இதே சூழ்நிலை 1979ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வந்தது. கார் விபத்தில் அடிபட்டு நினைவிழந்து வந்த ஒரு பெண்ணின் பையில் அப்படி ஓர் அட்டை இருந்தது. அதைக் கண்டெடுத்தவர் ஒரு செவிலியர். அதில் கையெழுத்து இருந்தது, தேதி இல்லை, சாட்சி இல்லை. டாக்டர் தன் பொறுப்பில் ரத்தம் ஏற்றினார், அந்தப் பெண் பிழைத்தார். பிழைத்தவர் வழக்குப் போட்டார். மாலெட் எதிர் ஷுல்மன் என்ற அந்த வழக்கில் டாக்டர் 20,000 டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1990ல் அதை உறுதிசெய்தது. உயிரைக் காப்பாற்றும் நல்ல நோக்கத்தோடுதான் செய்தார் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனாலும், வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தவரின் உடலில் கைவைத்தது அத்துமீறல்தான் என்றது நீதிமன்றம்.

வகுப்பில் இதைச் சொன்னால் பாதிப் பேர் கொதித்துப்போவார்கள். நானும் ஒரு காலத்தில் கொதித்தவள்தான். செவிலியரின் வேலை இங்கே என்ன என்று மட்டும் சொல்கிறேன். அட்டையைக் கண்டால் அந்த நிமிடமே டாக்டரிடம் காட்டுங்கள், காட்டிய நேரத்தை எழுதுங்கள், மூத்த அதிகாரிக்குத் தகவல் சொல்லுங்கள். அட்டை அந்த நபருடையதுதானா, மனம் மாறியதற்கான அடையாளம் ஏதாவது உண்டா என்று வேகமாகப் பாருங்கள். நினைவில்லாதவரிடம் எந்த மறுப்பும் கிடைக்கவில்லை என்றால் உயிர்காக்கும் சிகிச்சை தடையில்லாமல் நடக்கும். சொந்தக்காரர் ஒருவர் ஓடிவந்து "அவருக்குப் பிடிக்காது" என்று சொல்வது மட்டும் அட்டைக்குச் சமமாகாது.

எழுதிவைத்தது கைமாறும்போது தொலைந்துபோவதும் நடக்கிறது. ஸ்பெயினில் உள் ரத்தப்போக்கோடு மாட்ரிட் நகரின் பெரிய மருத்துவமனைக்கு மாற்றப்பட்ட ஒரு பெண், ரத்தம் வேண்டாம் என்று முன்பே எழுத்தில் தெளிவாகப் பதிந்துவைத்திருந்தார். அந்தத் தகவல் முழுமையாகப் போய்ச் சேரவில்லை. அரைகுறை விவரத்தை வைத்து அவசர நீதிபதி அனுமதி கொடுத்தார். நினைவோடு இருந்த அவரிடம் யாரும் கேட்கவுமில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நோயாளியை வேறு இடத்துக்கு அனுப்பும்போது இந்த மாதிரிக் காகிதத்தின் நகலைக் கோப்பின் மேலேயே குத்தி அனுப்புங்கள். வாயாலும் சொல்லுங்கள்.

மறுப்பது நோயாளியா, அவரைச் சுற்றி நிற்கும் குடும்பமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தனியாகப் பேசினால்தான் தெரியும். வேறு வழியே இல்லை.

இங்கிலாந்தில் 1992ல் ஒரு வழக்கு. கர்ப்பமாக இருந்த இளம்பெண் விபத்தில் சிக்கி மருத்துவமனைக்கு வந்தார். அவர் தாய் யெகோவாவின் சாட்சி, மகள் அந்தச் சபையில் சேர்ந்தவர் அல்ல. தாயோடு தனியே இருந்த பிறகு, எனக்கு ரத்தம் வேண்டாம் என்றார் மகள். பிறகு நிலைமை மோசமானது. தாயின் அழுத்தம் அந்த முடிவைப் பாதித்தது, மறுப்பின் விளைவும் அவருக்குச் சரியாக விளக்கப்படவில்லை என்று சொல்லி, நீதிமன்றம் ரத்தம் ஏற்ற அனுமதித்தது. அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: சுயமாக, புரிந்து எடுத்த முடிவென்றால் சாவே வந்தாலும் அதை மதிக்க வேண்டும்.

தனிமை கிடைக்க செவிலியருக்கு ஆயிரம் வழி உண்டு. "துணி மாற்றணும், எல்லோரும் கொஞ்சம் வெளியே இருங்க" என்றால் போதும். திரையை இழுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேளுங்கள்: "அவங்க யாரும் இங்க இல்ல. நீங்க என்ன நினைக்கிறீங்க?" பல பேர் முதலில் சொன்னதையே இன்னும் உறுதியாகச் சொல்வார்கள். சில பேர் அழுவார்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏத்துங்க சிஸ்டர், ஆனா எங்க வீட்ல சொல்லாதீங்க" என்றார். அப்படிச் சொன்னால் அந்த ரகசியத்தைக் காப்பதும் நம் கடமைதான். மொழிபெயர்க்க வேண்டியிருந்தால் குடும்பத்தாரை வைத்து மொழிபெயர்க்காதீர்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் கொடுத்துவிட்டால் என்ன? உயிர் பிழைத்தால் போதாதா?

கூடாது. ரத்தப் பையைத் துணி போட்டு மூடுவதும், வேண்டாம் என்ற மாத்திரையைக் கஞ்சியில் கரைத்துக் கொடுப்பதும் ஏமாற்று. நோயாளி அதை ஒரு நாள் தெரிந்துகொள்வார். பிறகு எந்த மருத்துவமனைக்கும் போகமாட்டார், தன் பிள்ளைகளையும் அனுப்பமாட்டார். அப்படிச் செய்யச் சொல்லி யார் உத்தரவிட்டாலும், முடியாது என்று சொல்லிவிட்டு மேலே தெரிவியுங்கள்.

குழந்தைக்குச் சிகிச்சை வேண்டாம் என்று பெற்றோர் மதத்தின் பேரில் சொன்னால்?

இங்கே அளவுகோல் மாறுகிறது. பெரியவர் தன் உயிரைத் தன் நம்பிக்கைக்காகக் கொடுக்கலாம். குழந்தைக்கு அந்த நம்பிக்கை இன்னும் சொந்தமாகவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1944ல் இதைச் சொன்னது: பெற்றோர் தாங்கள் தியாகிகளாக விரும்பினால் ஆகலாம், பிள்ளைகளைத் தியாகிகளாக்க அவர்களுக்கு உரிமையில்லை. அந்த வழக்கு மருத்துவம் பற்றியதே அல்ல, ஒரு சிறுமி தெருவில் மதப் பத்திரிகை விற்றது பற்றியது. ஆனால் அதற்குப் பிறகு குழந்தைகளின் சிகிச்சை பற்றிய எத்தனையோ தீர்ப்புகளில் அந்த வரி எடுத்தாளப்பட்டிருக்கிறது.

உயிருக்கு ஆபத்து என்றால் மருத்துவமனை நீதிமன்ற உத்தரவு வாங்கும். அதற்கு நேரமில்லாத அவசரத்தில் டாக்டர்கள் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள். அந்தப் பெற்றோரை எதிரியாகப் பார்க்காதீர்கள் என்பதுதான் உங்களிடம் நான் கேட்பது. குழந்தைமேல் பாசமில்லாமல் அவர்கள் மறுக்கவில்லை. பிள்ளையின் ஆன்மா தொலைந்துவிடும் என்று நடுங்குகிறார்கள். ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது அந்தத் தாய் கட்டிலருகே உட்காரட்டும், குழந்தையின் காலைத் தடவட்டும், ஜெபிக்கட்டும். உத்தரவு வந்ததால் தன் கை மீறிப் போய்விட்டது என்று உள்ளுக்குள் ஆறுதல்பட்ட பெற்றோரையும் பார்த்திருக்கிறேன்.

பதினைந்து வயதுப் பிள்ளை தானே மறுத்தால்?

மிகக் கடினமான இடம் இதுதான். 1985ல் இங்கிலாந்தில் வந்த கில்லிக் தீர்ப்பு, பதினாறு வயதுக்குக் குறைந்தவருக்கும் விஷயம் முழுமையாகப் புரிந்தால் சம்மதம் சொல்லும் தகுதி உண்டு என்றது. சம்மதிப்பதற்குக் கிடைத்த அந்தத் தகுதியை, உயிர்காக்கும் சிகிச்சையை மறுப்பதற்கு அங்கே நீதிமன்றங்கள் எளிதில் கொடுப்பதில்லை. ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு பதினைந்து வயதுப் பையன், யெகோவாவின் சாட்சி, ரத்தம் வேண்டாம் என்றான். புத்திசாலி, தெளிவாகப் பேசினான் என்று நீதிபதியே சொன்னார். இருந்தும் ரத்தம் ஏற்ற உத்தரவிட்டார். வயது வந்ததும் அவன் மறுபடி மறுத்தான், இறந்துபோனான். அந்த உத்தரவு அவனுக்குச் சில வருடங்களைத் தந்ததா, அவன் விரும்பாததை அவன்மேல் திணித்ததா? இரண்டும் உண்மை என்றுதான் நினைக்கிறேன். பிள்ளை சொல்வதை முழுதாகக் கேளுங்கள், அவன் வார்த்தையிலேயே எழுதுங்கள். முடிவெடுப்பவர்களுக்கு அவன் குரல் போய்ச்சேர வேண்டும்.

ரமலான் நோன்பில் இருப்பவர் மாத்திரையும் தண்ணீரும் வேண்டாம் என்கிறார். வற்புறுத்தலாமா?

வற்புறுத்தினால் என்ன ஆகும் என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் ஒரு பெரியவர். பகலில் நான் மாத்திரையை நீட்டுவேன், அவர் வாயில் போட்டுத் தலையாட்டுவார், நான் சார்ட்டில் கையெழுத்துப் போடுவேன். ஒரு நாள் விரிப்பை மாற்றும்போது தலையணை உறைக்குள் நான்கு மாத்திரை, ஈரம் பட்டு உருக்குலைந்து, டிஷ்யூ காகிதத்தில் சுற்றி இருந்தது. "உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்மா" என்றார். அழுத்தம் ஏன் குறையவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. நேரத்தை மாற்றிக் கேட்டோம். நோன்பு திறக்கும்போது ஒன்று, விடியலுக்கு முன் ஒன்று. மிச்ச நாள்கள் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

நோயாளியும் பயணியும் நோன்பை விட்டு வேறு நாளில் வைக்கலாம் என்று குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமே சொல்கிறது. ஆனால் அதை நாம் எடுத்துச் சொல்வதைவிட அவர் மதிக்கும் இமாம் சொன்னால் மனம் இறங்கும். நோயாளியின் அனுமதியோடு அழைத்துவாருங்கள். சர்க்கரை நோயாளிகளிடம் கூடுதல் கவனம் வேண்டும். இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கும். 70க்குக் கீழே போனாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பை முறித்துவிட வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ள வையுங்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது நோன்பை முறிக்காது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. இது தெரியாமல் பரிசோதனையையே மறுப்பவர்கள் இருக்கிறார்கள்.

மருந்தில் பன்றி அல்லது மாட்டின் பொருள் இருந்தால் நோயாளியிடம் சொல்ல வேண்டுமா?

அவருக்கு அது முக்கியம் என்று தெரிந்தால் சொல்லத்தான் வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. எனாக்சாபரினும் அதிலிருந்துதான் வருகிறது. ஃபோண்டாபரினக்ஸ் செயற்கையாகச் செய்யப்படுவது, சில நோயாளிகளுக்கு மாற்றாக உதவும். காப்ஸ்யூல் உறையின் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருகிறது. அதே மருந்து மாத்திரையாகவோ திரவமாகவோ கிடைக்கிறதா என்று மருந்தகத்தில் கேளுங்கள். இதய வால்வுகளிலும் இந்தக் கேள்வி வரும். விலங்குத் திசு வேண்டாம் என்றால் மெக்கானிக்கல் வால்வு உண்டு, ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட வேண்டும். அதையும் சேர்த்துச் சொல்லித்தான் முடிவெடுக்கவிட வேண்டும்.

மாற்று எதுவும் இல்லாத நேரத்தில், கட்டாயத் தேவைக்கு விலக்கு உண்டு என்ற விதி இஸ்லாத்திலும் யூத மதத்திலும் வலுவாக இருக்கிறது. தன்மை முழுவதும் மாறிவிட்ட ஜெலட்டினை ஏற்கலாம் என்று 1995ல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். மரக்கறி மட்டுமே உண்ணும் இந்து, சமண நோயாளிகளுக்கும் இதே தயக்கம் உண்டு. அவர்களிடம் யாரும் கேட்பதே இல்லை.

கயிறு, தாயத்து, முடி இவற்றை அறுவை சிகிச்சைக்கு முன் அகற்றியே ஆகவேண்டுமா?

பெரும்பாலும் இல்லை. உலோகம் இல்லாத கயிறு அறுக்கும் இடத்தில் இல்லையென்றால் டேப் போட்டு ஒட்டிவிடலாம். இடத்தை மாற்றிக் கட்டலாம். எம்ஆர்ஐக்கு உலோகம் கூடாது, அப்போது அவர் கையாலேயே கழற்றி அவர் சொல்பவரிடம் கொடுக்கட்டும். கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மரபைக் கடைப்பிடிக்கும் சீக்கியர்கள் உடலின் எந்த முடியையும் வெட்டுவதில்லை. அறுவை சிகிச்சைக்கு முன் முடியை மழிக்கக் கூடாது, அகற்றாமலே விடலாம், அவசியமானால் கிளிப்பரால் மட்டும் குறைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2016ல் வழிகாட்டியது. நாம் வழக்கத்தால் மழித்த காலத்தில் எத்தனை பேரைத் தேவையில்லாமல் புண்படுத்தினோம் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

"கடவுள் அற்புதம் செய்வார், வென்டிலேட்டரை எடுக்காதீர்கள்" என்று குடும்பம் கேட்கிறது. என்ன பதில் சொல்வது?

அற்புதம் நடக்காது என்று வாதாடாதீர்கள். "நடக்கணும்னு நானும் விரும்புறேன். நடக்கலைன்னா அவருக்கு எது முக்கியமா இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்கும். மூளைச்சாவைச் சாவாக ஏற்காத நம்பிக்கைகள் உண்டு, குறிப்பாக மரபுவழி யூதர்களில் ஒரு பகுதியினரிடம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1991லேயே இதற்குச் சட்டத்தில் விலக்குத் தந்தது. வேறு பல இடங்களில் அப்படி விலக்கு கிடையாது. அங்கே நம்மால் செய்ய முடிந்தது கொஞ்சம் அவகாசம், மதகுருவை அழைக்க அனுமதி, அவர்கள் வணங்கும் திசைக்குக் கட்டிலைத் திருப்பிப் போட இடம்.

சிகிச்சை என் நம்பிக்கைக்கே எதிரானதாக இருந்தால் நான் மறுக்கலாமா?

சில காரியங்களுக்குச் சில நாடுகளின் சட்டம் இடம் தருகிறது. பிரிட்டனின் 1967 கருக்கலைப்புச் சட்டத்தில் மனசாட்சி விலக்கு உண்டு. அது நேரடியாகக் கைபடச் செய்யும் வேலைக்கு மட்டுமே பொருந்தும், மேற்பார்வைக்கோ பணி ஒதுக்குவதற்கோ பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014ல் விளக்கியது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் அந்த விலக்கும் இல்லை. ஆட்சேபம் இருந்தால் வேலையில் சேரும்போதே சொல்லுங்கள். நோயாளி மேஜையில் படுத்திருக்கும்போது சொல்லாதீர்கள். உங்கள் முகம் சுளிப்பதைக்கூட அவர் பார்த்துவிடக் கூடாது. நோயாளி கேட்டால் அவரோடு சேர்ந்து பிரார்த்திக்கலாம், விருப்பமில்லையென்றால் மௌனமாக அருகில் நிற்கலாம். கேட்காதவரிடம் உங்கள் மதத்தைக் கொண்டுபோகாதீர்கள், அவர் பலவீனமாகப் படுத்திருக்கிறார்.

சிகிச்சையை மறுத்தவர் என் கண் முன்னாலேயே இறந்துவிட்டார். நான் தவறு செய்துவிட்டேனா?

இந்தக் கேள்வி வந்தால் நான் உடனே பதில் சொல்வதில்லை. முதலில் அவரைப் பேசவிடுவேன்.

பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நின்றுவிட்ட, ஆனால் ஹீமோகுளோபின் மூன்றுக்கு இறங்கிவிட்ட ஒரு பெண்ணை நாங்கள் இரண்டு நாள் பார்த்துக்கொண்டோம். ரத்தம் ஏற்றலாமா என்று தனியாகக் கேட்டோம், இரண்டு முறை கேட்டோம். மருந்துகள் வேலைசெய்ய நாள்கள் பிடிக்கும் என்பதையும் மறைக்கவில்லை. வேண்டாம் என்றாள். ஆக்சிஜன் கொடுத்தோம், ஆடாமல் அசையாமல் வைத்தோம், காய்ச்சல் ஏறாமல் பார்த்துக்கொண்டோம். உதடு காகிதம் மாதிரி வெளுத்துவிட்டது. பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்துவிட்டபோது "குழந்தை குடிச்சுதா?" என்று கேட்டாள். விடியற்காலையில் போய்விட்டாள். ரத்த வங்கி இரண்டு மாடி கீழேதான் இருந்தது.

சரியானது என்று தோன்றுவதைச் செய்ய முடியாமல் கட்டுப்பட்டு நிற்கும் இந்த வலிக்கு நெறிமுறை வேதனை என்று பெயர். ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற தத்துவவியலாளர் 1984ல் செவிலியர்களைப் பற்றி எழுதும்போதுதான் இதற்குப் பெயர் வைத்தார். வலிக்கிறது என்பதால் நீங்கள் தவறு செய்தீர்கள் என்று அர்த்தமில்லை. அவள் முடிவு அவளுடையது. அதை நீங்கள் காப்பாற்றிக் கொடுத்தீர்கள். அதே நேரம், அதைத் தனியாகச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். அன்றைய ஷிப்டில் இருந்த எல்லோரும், டாக்டர்கள் உட்பட, ஒன்றாக உட்கார்ந்து நடந்ததைப் பேசவேண்டும் என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். நெறிமுறைக் குழு இருந்தால் அதனிடம் போங்கள்.

அன்று என்னோடு டியூட்டியில் இருந்த சின்னப் பெண் ஒருத்தி, அதற்குப் பிறகு அந்தக் கட்டில் பக்கமே போக மாட்டேன் என்றாள். யாரும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை, மாற்றி மாற்றி நாங்களே பார்த்துக்கொண்டோம். இரண்டாவது வாரம், யாரும் சொல்லாமலே, அவள் போய் அந்தக் கட்டிலுக்குப் புது விரிப்பு விரித்தாள்.